நின்றால் சூடா, ஓடினால் சூடா: வடசென்னைச் சாலைகளில் ரேடியேட்டரைக் கவனித்த அனுபவம்

வடசென்னையில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு, வண்டி ஓடும் நேரத்தைவிட இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கும் நேரமே அதிகம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுக வாயிலை நோக்கிய கன்டெய்னர் லாரிகளின் வரிசை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து செல்லும் மணி நேரங்கள் என எல்லாமே இன்ஜினைக் காற்றோட்டமில்லாமல் சூடேற்றும் இடங்கள். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு சில பிக்கப் வண்டிகளையும் வீட்டுக்கென ஒரு காரையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். காசிமேட்டிலிருந்து மீனும், சாத்தங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து கம்பியும் தகடும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. கியர், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும்விடக் கூலிங் பகுதிதான் பழுதாவதற்கு நெடுநாள் முன்பே அறிகுறி காட்டுகிறது என்பதும், அந்த அறிகுறியை அன்றாடம் அழித்துவிடும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதும் இத்தனை நாளில் எனக்கு உறுதியாகிவிட்டன.

காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவதே அந்த வழக்கம். 'வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும்' என்று டிரைவர்கள் அதை வண்டியின் சுபாவம்போலச் சொல்வார்கள். கூலிங் அமைப்பு மூடிய அமைப்பு. நல்ல நிலையில் உள்ள வண்டியில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) டப்பாவின் மட்டம் மாதக்கணக்கில் ஏறக்குறைய அதே கோட்டில்தான் நிற்கும். வாரந்தோறும் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது எரிகிறது. ஆகவே எங்கள் வண்டிகளில் தண்ணீர் ஊற்றுவதை நான் தடை செய்யவில்லை. ஊற்றிய அளவையும் தேதியையும் டீசல் கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதச் சொன்னேன். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது அந்த நோட்டுப் பக்கம் பல நேரங்களில் ஸ்கேனரைவிட அதிகம் உதவியிருக்கிறது.

அறிகுறிகளைப் புரிந்துகொள்ள அடிப்படையைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வாட்டர் பம்ப் கூலண்டை இன்ஜினுக்குள் சுற்றவிடுகிறது. வெப்பம் 80-லிருந்து 90 டிகிரியை ஒட்டி ஏறியதும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியாக இறங்கும்போது, குழாய்களுக்கு இடையிலுள்ள தகடுகளின் மேல் வீசும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ரேடியேட்டர் மூடிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கடல் மட்டத்திலிருக்கும் நம் ஊரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 (பார் என்ற அழுத்த அளவு) என்று பொறித்த மூடி அந்த அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் அதே தண்ணீர் சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் எல்லை இன்னும் உயரும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் வேறெந்தப் பழுதும் இல்லாமலேயே வண்டி கொதிக்கத் தொடங்கும். ஆகவே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியதும், சில நூறு ரூபாயில் முடிவதும் அதுதான். பழைய மூடியில் உள்ள அதே எண் கொண்ட மூடியையே வாங்க வேண்டும். அதிக எண் உள்ளதைப் போட்டால் பலவீனமான ஹோஸோ டேங்க்கோ முதலில் விட்டுக்கொடுக்கும்.

வண்டி ஹீட்டாகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, நிற்கும்போதா ஓடும்போதா என்பதைத்தான். நின்றால் டேஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறுகிறது, சாலை கிடைத்து ஐந்து நிமிடம் ஓடியதும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரின் உட்புறம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது; காற்றை இழுக்க வேண்டிய ஃபேன்தான் வேலை செய்யவில்லை. எங்கள் காருக்கு ஒரு கத்திரி வெயில் காலத்தில் இதுதான் நேர்ந்தது. மூலக்கடையிலிருந்து மாதவரம் வரை ஊர்ந்தால் முள் ஏறும். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் எதுவுமே நடக்காததுபோல நடுவில் வந்து நிற்கும். ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றியாக வேண்டும். ஏ.சி.க்குச் சுற்றி, வெப்பத்துக்குச் சுற்றாவிட்டால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, இணைப்பு, மோட்டார் என்று வரிசையாகப் போக வேண்டும். எங்கள் காரில் இரண்டுக்குமே சுற்றவில்லை. இணைப்பைப் பிரித்தபோது உள்ளே செம்புப் பின்னின் மேல் பச்சை நிறக் களிம்பு பொடியாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கடலை ஒட்டிய தெருவில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று தரும் பரிசு அது. இணைப்பை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. ஃபேனைச் சோதிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இன்ஜினை நிறுத்திய பிறகும் அது திடீரெனச் சுற்றத் தொடங்கக்கூடும், ஆகவே கையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

பிக்கப் வண்டிகள் பலவற்றில் மின்சார ஃபேன் இல்லாமல், இன்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றும் ஃபேன் இருக்கும். அதன் நடுவில் வெப்பத்துக்கேற்பப் பிடித்து விடும் விஸ்கஸ் கப்ளிங் இருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சூடு இருக்கும்போதே ஃபேனைக் கையால் சுழற்றினால் ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினாலோ, கப்ளிங்கின் நடுவிலிருந்து எண்ணெய் தெறித்த தடம் தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் பலன் பாதியாகும். சின்ன விபத்துக்குப் பின் உடைந்த அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வண்டிகளை ஜி.பி. ரோடு முதல் மணலி வரை எங்கும் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது ஒன்றும் ஆகாமல், லோடு ஏற்றி வேகமாகப் போகும்போதோ மேம்பாலம் ஏறும்போதோ முள் உயர்ந்தால் சந்தேகம் ரேடியேட்டரின் மேலும் கூலண்டின் ஓட்டத்தின் மேலும் திரும்ப வேண்டும். காற்று போதுமான அளவு வருகிறது. வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர்தான் போதவில்லை. எங்கள் பழைய பிக்கப் ஒன்று செங்குன்றம் பக்கம் இரும்பு ஏற்றிச் செல்லும்போது மட்டும் இப்படிச் செய்தது. அதை ராயபுரத்தில் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வண்டி சூடாக இருக்கும்போது இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ரேடியேட்டரின் முகத்தில் கையை மெல்ல நகர்த்திப் பார்த்தார். மேலிருந்து கீழாகச் சூடு சீராகக் குறைய வேண்டிய இடத்தில், நடுவில் ஒரு பட்டை முழுவதும் ஆறிக் கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவே இல்லை. அது செம்புக் கோர், பித்தளை டேங்க் கொண்ட பழைய வகை என்பதால் மேல் டேங்க்கை உருக்கிப் பிரித்துக் காட்டினார். குழாய் வாய்களில் கணிசமானவை காவியும் வெள்ளையும் கலந்த கட்டியால் அடைபட்டிருந்தன. 'உப்புதாங்க இருக்குது. தண்ணி எந்த வழியா போவும்?' என்று கம்பியின் நுனியால் ஒரு துணுக்கை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே ஏடுதான் அது.

வடசென்னை நிலத்தடி நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. கடற்கரையை ஒட்டிய தெருக்களின் அடிபம்புத் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் ஏடாகப் படிகின்றன, குளோரைடு உலோகத்தை அரிக்கிறது. அவசரத்துக்குக் குடிநீர் கேன் தண்ணீர் போர் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல். நிரந்தரமாக ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்த கலவை, அல்லது கலந்தே விற்கப்படும் கூலண்ட். நிறத்தைப் பார்த்து வாங்குவது தவறு. பச்சை, சிவப்பு, நீலம் என்பவை கம்பெனிகள் தம் விருப்பப்படி சேர்க்கும் சாயங்கள். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சக்தி குறையும். சில கலவைகள் கூழாகத் திரிந்து குழாயை அடைக்கும். பழைய கூலண்டைத் தெருவில் கொட்டவும் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நஞ்சு; பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்கள் அதை நக்கிவிடும்.

உள்ளே அடைப்பு இல்லாவிட்டாலும் வெளியே அடைப்பு இருக்கலாம். காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் தரை எப்போதும் ஈரம்; உருகிய ஐஸும் மீன் கழுவிய நீரும் உப்பும் கலந்த அந்த ஈரத்தை முன் சக்கரங்கள் நேராக ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் வாரி இறைக்கின்றன. மீன் ஏற்றும் வண்டிகளில் தகடுகள் எப்போதும் கீழிருந்துதான் கெடத் தொடங்குகின்றன என்பதைக் கவனித்திருக்கிறேன். விரல் நுனியால் தொட்டால் அலுமினியத் தகடு சாம்பல் நிறத் துகளாக உதிரும். குழாய் மட்டும் நின்றுகொண்டிருக்கும், கசிவும் இருக்காது. கசிவு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. தகடு போன குழாயால் வெப்பத்தைக் கொடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பகுதிகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்ஜினைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள். ரேடியேட்டர் தகடுகளில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சாலைப் புழுதியெல்லாம் அந்தப் பிசுக்கில் ஒட்டிக் கெட்டியானபோது, அடுத்த கோடையில்தான் அவை ஹீட்டாகத் தொடங்கின. ஏ.சி. உள்ள வண்டியில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் பிளாஸ்டிக் பைத் துண்டும் பூச்சியும் சேர்ந்து கிடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் தகடுகள் மடிந்து படுத்துவிடும்.

கசிவுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது தரையில் சொட்டாத கசிவுதான். நோட்டில் வாரம் தவறாமல் அரை பாட்டில் என்று எழுதப்பட்டிருந்த ஒரு வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து இரவு முழுவதும் நிறுத்தினோம். காலையில் அட்டை காய்ந்தே இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் உடனே ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லி, ஹெட்டை இறக்க வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். கேஸ்கட் போயிருந்தால் வேறு சாட்சிகளும் இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் இடைவிடாமல் வரும். சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை இனிப்பு வாடையோடு வந்துகொண்டிருக்கும். ஆயில் குச்சியில் எண்ணெய் வெளிறிய பழுப்புக் குழம்பாக இருக்கும். அல்லது காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கும். இவை ஒன்றுமே எங்கள் வண்டியில் இல்லை. கூலண்டின் ஆவியை நீல நிறத் திரவம் ஒன்றின் வழியாக இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. இன்ஜினில் எரிந்த புகை கலந்திருந்தால் அதன் நிறம் மாறும். அதிலும் நிறம் மாறவில்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு பொருத்தி, ஆறிய இன்ஜினிலேயே அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். மானியின் முள் மெதுவாக இறங்கியது. விளக்கடித்துப் பார்த்தபோது வாட்டர் பம்பின் உடலில் கசிவைக் காட்டுவதற்கென்றே விடப்பட்டிருக்கும் சின்னத் துளையின் கீழ் ஒரு பச்சைத் துளி திரண்டது. அதைச் சுற்றி முன்னமே காய்ந்த கூலண்டின் உப்புப் பொருக்கு. ஓடும்போது கசிந்த கூலண்ட் சூடான இன்ஜின் மேலேயே ஆவியாகிவிட்டிருக்கிறது. பம்பை மாற்றியதோடு முடிந்தது. ஹெட்டை இறக்கச் சொல்லும் யாரிடமும் முதலில் பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்கலாம். அது சில நிமிட வேலை.

முள்ளை நம்புவதற்கும் எல்லை உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் முழு லோடோடு போய்க்கொண்டிருந்த எங்கள் டிரைவர் ஒருநாள் போனில் அழைத்தார்: 'அண்ணே, முள்ளு ஏறிக்கினே இருந்துச்சு, இப்ப தானா கீழ எறங்கிடுச்சு. ஆனா இன்ஜின் வேற மாதிரி சவுண்டு குடுக்குது. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டேன்.' கீழ் ஹோஸ் வெடித்துக் கூலண்ட் முழுவதும் சாலையில் போயிருந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலண்ட் இல்லாமல் காற்றில் நிற்கும்போது, இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் இறங்கிக் காட்டக்கூடும். லோடும் வெயிலும் அப்படியே இருக்க, காரணமில்லாமல் முள் சட்டென்று விழுவது ஏறுவதைவிட ஆபத்தானது. அவர் அங்கேயே நிறுத்தியதால் அலுமினிய ஹெட் வளையாமல் தப்பியது. ஹோஸைப் பொறுத்தவரை வாரம் ஒருமுறை ஆறிய நிலையில் அமுக்கிப் பார்த்தால் போதும்: கொழகொழவென்று இருந்தாலும், காய்ந்து மொறுமொறுத்தாலும், கிளிப் அருகே உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டும்.

குறுக்கு வழிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கசியும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் டிரைவர்களின் பழைய வைத்தியம். ஓட்டை அடைபடுவது உண்மைதான். கூடவே மெல்லிய நல்ல குழாய்களும் அடைபடும். நடுவழியில் வேறு வழியில்லாமல் செய்தால், பட்டறைக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சுத்தம் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொன்று. சென்னைக்கு எதற்கு வால்வு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகப் போகும், தேய்மானம் அதிகமாகும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி மூடப்படாமல், ரேடியேட்டருக்குப் போகாமலேயே சூடான கூலண்ட் திரும்ப இன்ஜினுக்குள் சுற்றி, ஹீட் இன்னும் கூடும். சந்தேகமிருந்தால் அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுச் சூடேற்றிப் பார்க்கலாம். அதில் பொறித்திருக்கும் வெப்பத்தை ஒட்டித் திறக்காவிட்டால் புதியதைப் போட வேண்டும். ஃபேனுக்குச் சாவியிலிருந்து டைரக்டாக ஒயர் கொடுப்பதை அந்த அளவுக்கு நான் குற்றம் சொல்ல மாட்டேன். வீடு வந்து சேர உதவும். ஆனால் அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், ரிலேயும் ஃபியூஸும் இல்லாத ஒயர் உருகித் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

சாலையில் முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழு வேகத்தில் திறந்துவிட்டு ஓரம் கட்ட வேண்டும். ஆவி தெரிந்தாலோ கூலண்ட் கொட்டினாலோ அந்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும். மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடக் கூடாது. திறந்த கணத்தில் அழுத்தம் விலகி, உள்ளே 100 டிகிரிக்கு மேல் அடங்கியிருந்த தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் போதும் என்பவர்களின் முழங்கைத் தழும்புகளைப் பட்டறைகளில் பார்க்கலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினாலும் ஹெட் வெடிப்பு காணலாம்.

ரேடியேட்டரைச் சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதன் வகையிலேயே இருக்கிறது. செம்பு, பித்தளை என்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், கம்பி விட்டுக் குழாயைத் திறக்கலாம், கோரை மட்டும் புதிதாகப் போடலாம். இன்றைய வண்டிகளில் வரும் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் அப்படியல்ல. டேங்க்கில் விரிசல் விழுந்த பின் பசை வைத்து ஓட்டுவது சில வாரங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையதை வாங்குவதானால் அங்கேயே தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் காற்றழுத்தம் கொடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வேலை முடிந்து கூலண்ட் நிரப்பும்போது, மூக்குப் பக்கம் சற்று உயர இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை அமுக்கிவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் புதிய ரேடியேட்டரும் ஹீட்டாகும். அடுத்த நாள் காலை ஆறிய நிலையில் மட்டம் சற்று இறங்கியிருப்பது இயல்பு, கோடு வரை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பின்னும் நோட்டில் அரை பாட்டில் என்று எழுத நேர்ந்தால், பில்லையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.